சக் கீயை (லேத்துல இரும்பைக் கவ்விச் சுத்துற சக்கை இறுக்குற சாவி) கழட்டணும்னு கூடச் சொல்லித் தராம என்னத்துக்குய்யா நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்பு?

வியாழக்கிழமை சாயங்காலம் என் பட்டறையில ஒரு பையனோட தாடை பேந்திருக்கும். ஒரு நொடிதான் இடைவெளி. ரெண்டு நாளாச்சு, இன்னும் அந்தக் காட்சி கண்ணுக்குள்ளயே நிக்குது.

மெக்கானிக்கல் ஃபைனல் இயர் பசங்க நாலு பேர். நம்ம சேலத்தைச் சுத்தி இருக்கிற தனியார் காலேஜ்ல ஒண்ணு, எதுன்னு கேக்காதீங்க. சூரமங்கலம் பக்கம் லேத் (இரும்பைச் சுத்த விட்டுக் கடையுற மெஷின்) பட்டறை வச்சிருக்கிற எல்லாருக்கும் இந்தக் கூட்டத்தைத் தெரியும். மாசி பங்குனி வந்துட்டா போதும், கையில ஒரு பிரிண்ட் அவுட்டோட வந்து நிப்பாங்க. “அண்ணா, ப்ராஜெக்ட் ஒண்ணு செஞ்சு தரணும்ணா, ரிவ்யூ திங்கக்கிழமை.”

தலைப்பு: சூரிய சக்தியில் இயங்கும் மரவள்ளிக் கிழங்கு தோல் உரிக்கும் இயந்திரம். படிச்சதும் எனக்கு நெஜமாவே சந்தோசம். இருபது வருஷமா சேகோ மில்லுகளுக்கு, அதான் சவ்வரிசி மில்லுகளுக்கு, ஷாஃப்ட்டும் (சுத்துற தண்டு) புஷ்ஷும் கடைஞ்சு குடுத்துச் சோறு திங்கிறவன் நான். 1940-கள்ல, யுத்தத்துல வெளிநாட்டுச் சவ்வரிசி வராம நின்னப்போ, இந்த ஊர்க்காரங்கதான் மரவள்ளி மாவுல சவ்வரிசி பண்ணிக் காட்டினாங்க. மெஷினும் இங்கயே உருவாச்சு, உள்ளூர் மெக்கானிக்குங்க கையால. அந்த ஊர்ப் பசங்க கிழங்கு மெஷினோட வந்தா யாருக்குத்தான் பிடிக்காது?

டிராயிங்கக் கேட்டேன். குடுத்தாங்க. கம்ப்யூட்டர்ல கலர் கலரா, சுத்திச் சுத்திக் காட்டுற மாதிரி அழகா போட்டிருந்தாங்க. ஷாஃப்ட் 25 எம்எம். பேரிங் 6205. சரி, அந்த பேரிங்குக்கு உள் விட்டம் 25தான், வெளி விட்டம் 52, அகலம் 15, எல்லாம் பொருந்துது. “டாலரன்ஸ் எங்க கண்ணு?”ன்னேன், அளவு எவ்ளோ கூடலாம் குறையலாம்ங்கிற கணக்கு. நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறாங்க. “25ன்னா 25 தானேண்ணா?”

இல்லடா சாமி! 25ங்கிறது பேருக்கு. பேரிங் இறுக்கமா உக்காரணும்னா ஷாஃப்ட் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவுல நிக்கணும். அந்த அளவு வரம்புக்குக் கே6னு பேரு, உங்க புத்தகத்துலயே பட்டியல் போட்டிருக்கும். கொஞ்சம் குறைச்சுக் கடைஞ்சுட்டீங்கன்னா பேரிங் கிடக்குற இடத்துல கிடக்கும், ஷாஃப்ட் மட்டும் உள்ள சுத்தும், மூணு மாசத்துல ஷாஃப்ட் தேஞ்சு மில்லு நிக்கும். மில்லு நின்னா அன்னைக்கு இறங்கின கிழங்கு வீணாப் போயிடும், புடுங்கின கிழங்கு ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது. ஒரு எம்எம்-ல நூறுல ஒரு பங்கு, அதுல இருக்கு ஒரு விவசாயியோட லோடு. இதைச் சொல்றதுக்குத்தானேய்யா அந்தப் பாடம்?

அந்த நாலுல குள்ளமா ஒரு பையன், கண்ணாடி போட்டவன். அவன் கையில வெர்னியரை, நுணுக்கமா அளவு எடுக்குற கருவியை, குடுத்தேன். கடகடன்னு ஒப்பிச்சான்: “மெயின் ஸ்கேல் ரீடிங் பிளஸ் வெர்னியர் கோஇன்சிடென்ஸ் இன்டு லீஸ்ட் கவுண்ட்.” ஒரு எழுத்து பிசகல. அளந்து காட்டுடான்னா, உள் அளவு எடுக்குற மேல் தாடையால ஷாஃப்ட்டோட வெளிப் பக்கத்தைக் கவ்வப் பாக்குறான். நாலு வருஷத்துல வெர்னியரைக் கையில புடிச்சதே இல்லையாம். பரீட்சையில கேட்டாங்க, எழுதினான், மார்க் போட்டாங்க. முடிஞ்சது கதை.

லேத் ஓட்டினதுண்டான்னு கேட்டேன். “லேப் இருக்குண்ணா. ஒரு பேட்ச்சுக்கு முப்பது பேரு, ஓடுற லேத் ரெண்டு. பிராக்டிகல்ல லேப் அண்ணனே ஜாப் முடிச்சுக் குடுத்துடுவாரு. சிஎன்சி மெஷின் இருக்குண்ணா, ஆனா பூட்டியிருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் வர்றப்ப திறப்பாங்க.”

கம்ப்யூட்டர் ஓட்டுற அந்த சிஎன்சி மெஷினைப் பூட்டி வச்சிருக்காங்களாம்! பிள்ளைங்க தொட்டா கெட்டுடுமாம்! தொட்டுக் கெடுக்கத்தானே அந்த மெஷின் அங்க இருக்கு? டூல் உடையணும், ஜாப் வீணாகணும், அப்பத்தான் கை பழகும். நானெல்லாம் பத்தாவது முடிச்சுட்டு பாலிடெக்னிக்ல மூணு வருஷ டிப்ளமோ. ஒரு எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) துண்டைக் குடுத்து, நாலு பக்கமும் செங்கோணமா ராவிக் கொண்டான்னு அரத்தைக் கையில திணிச்சாரு எங்க வாத்தியாரு. மூலைமட்டத்தை வச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு, மயிரிழை வெளிச்சம் தெரிஞ்சாலும் தூக்கிப் போட்டுடுவாரு. உள்ளங்கை கொப்புளம் உடைஞ்சு அரத்துப் பிடியில ஒட்டும். அப்ப அவரை எவ்ளோ திட்டியிருப்பேன். இன்னைக்கு நான் திங்கிற ஒவ்வொரு பருக்கையும் அவரு போட்டது.

விசயத்துக்கு வரேன். சரி, நீங்களே கடைங்கடா, நான் பக்கத்துல நிக்கிறேன்னு சொன்னேன். 28 எம்எம் ராடை எடுத்து மூணு தாடை சக்குல வச்சேன், கண்ணாடிக்காரப் பையன் சக் கீயப் போட்டு இறுக்கினான். ஒருத்தன் பையிலிருந்து துணி கிளவுஸை எடுத்து மாட்டுறான், “சேஃப்டிண்ணா”ங்கிறான். சுத்துற மெஷின்ல கிளவுஸ் போடக் கூடாதுன்னு அவனுக்கு ஒருத்தர் சொல்லல! நூல் மாட்டுச்சுன்னா விரலோட சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடும். அதைக் கழட்டச் சொல்லி இந்தப் பக்கம் திரும்பறேன். கண்ணாடிக்காரப் பையன் கழுத்துல காலேஜ் ஐடி கார்டு, பட்டை நாடா, சக்குக்கு நேரா ஊஞ்சலாடுது. சக் கீ சக்குலயே குத்திக்கிட்டு நிக்குது. அவன் கை பச்சைப் பட்டனுக்குப் போகுது.

கத்தினேனா, பாஞ்சேனான்னு தெரியல. அவன் மணிக்கட்டு என் கையில இருந்துச்சு. அவ்ளோதான் தெரியும்.

பட்டனை அமுக்கியிருந்தா? அந்த ஒரு கிலோ இரும்பு எங்க பறந்திருக்கும்? நாடா மாட்டியிருந்தா? அவன் கழுத்து என்னாகியிருக்கும்? அவங்க அம்மா எங்கயோ தறி ஓட்டுறாங்களாம், அம்மாபேட்டைப் பக்கம். தறிச் சத்தத்துல காது போன அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? சக்குல இருந்து கைய எடுக்குறப்ப சாவியும் கையோட வரணும். லேத் முன்னாடி நிக்கிற முதல் நாள், முதல் நிமிசம் சொல்லித் தர வேண்டிய பாடம் இது. ஃபீஸ் கட்டினதுக்கு ரசீது குடுக்கத் தெரியுது, இதைச் சொல்லித் தரத் தெரியலையா?

பசங்க மேல எனக்குத் துளி கோவம் கிடையாது. அதைத் தெளிவா எழுதிடறேன். நாடாவைக் கழட்டி, கை மடிச்சு, திரும்ப நிக்க வச்சேன். கை நடுங்குச்சு அவனுக்கு. அரை அரை எம்எம்மா பல தடவை கட் குடுத்து ஃபீடைப் போட்டான். சுருள் சுருளா இரும்பு வழிஞ்சு விழுது, நீலம் பாரிச்சு, எண்ணெய் வாசம். அந்தப் பையன் வாய் திறந்து பாத்துக்கிட்டே நிக்கிறான். நிறுத்தி, பனியன் வேஸ்ட்டால துடைச்சு, வெர்னியரை இப்ப சரியாப் புடிச்சான். மெயின் ஸ்கேல் 25, பதினாலாவது கோடு ஒட்டுது, 0.02-ஆல பெருக்கினா 0.28. “25.28 ண்ணா!” அந்தக் குரல் இருக்கே. ஃபினிஷிங் கட்டுக்கு மைக்ரோமீட்டரைக் குடுத்து 25.01-ல நிறுத்த வச்சேன். மூணு மணி நேரத்துல வந்துடுச்சு. நாலு வருஷத்துல வராதது!

வேலைக்கு என்னடா பண்ணப் போறேன்னு கேட்டா, நாலு பேருக்கும் ப்ளேஸ்மென்ட் ஆயிடுச்சாம். ரெண்டு பேரு சென்னையில கடன் வசூலுக்கு ஃபோன் பேசுற வேலை, ஒருத்தனுக்கு இன்சூரன்ஸ் விக்கிறது. கண்ணாடிக்காரனுக்கு மட்டும் ஏதோ ஐ.டி. கம்பெனி, தேதி இன்னும் சொல்லலையாம். இங்க நான் ஒரு வருஷமா சிஎன்சி செட்டர், அந்த மெஷினை செட் பண்ற ஆள், கிடைக்காம அலையறேன். ஓசூர்ல, கோயமுத்தூர்ல குவாலிட்டிக்கும் மெயின்டனன்ஸுக்கும் ஆள் தேடாத பட்டறை கிடையாது. 1970-ல உருக்காலைக்கு அடிக்கல் நட்ட ஊரு இது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோட சேலத்தையும் சேத்திருக்காங்க. அதுக்கு பார்ட்ஸ் கடையப் போறது யாரு? அப்ரண்டிஸ் சட்டம் 1961-லயே வந்தாச்சு, டிகிரி முடிச்சவனும் டிப்ளமோ முடிச்சவனும் உதவித்தொகையோட ஒரு வருஷம் தொழில் பழகலாம். அப்படி ஒண்ணு இருக்குன்னே இந்தப் பசங்களுக்கு யாரும் சொல்லல. ப்ளேஸ்மென்ட் பேனர்ல நூறு சதவீதம்னு போட அது உதவாதுல்ல.

இதெல்லாம் வியாழக்கிழமை. இன்னைக்குக் காலையில அந்தக் கண்ணாடிக்காரப் பையன் ஃபோன் பண்றான். குரலே இல்ல. “அண்ணா, காலேஜ்ல ஷாஃப்ட் வேணாங்கிறாங்கண்ணா. மூணு வருஷத்துக்கு முந்தின பேட்ச் மெஷின் ஒண்ணு ஸ்டோர்ல இருக்காம். பெயிண்ட் அடிச்சு, போர்டு மாத்தி வச்சுட்டா போதுமாம். நாங்களே செய்யறோம்னு சொன்னதுக்கு, வேண்டாத வேலைங்கிறாங்கண்ணா.”

வேண்டாத வேலையா? என் டேபிள் மேல அந்த ஷாஃப்ட் பளபளன்னு கிடக்கு, 25.01. அந்தப் பிள்ளை வாழ்க்கையில முதல் தடவையா தன் கையால செஞ்ச ஒரே பொருள். அதுவா வேண்டாத வேலை? பழைய மெஷினுக்குப் பெயிண்ட் அடிக்கிறதுதான் வேண்டிய வேலையா? சொன்ன ஆளு எதிர்ல இருந்திருந்தா நான் என்ன பேசியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

கடைசியா பையன் கேட்டான், “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து கத்துக்கலாமாண்ணா?” வாடா கண்ணுன்னு சொல்லிட்டேன். த்ரெட் (மரை) வெட்டுறதுல ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்கேன்.

ஆனா எப்படி வருவான்? எங்க தெருவைத் தோண்டிப் போட்டு ரெண்டரை மாசம் ஆகுது. குழாய் பதிச்சாச்சு, மண்ணை மேல தள்ளிட்டுப் போயிட்டாங்க. முந்தாநேத்து ராடு ஏத்தி வந்த டெம்போ பின் சக்கரம் இறங்கி, பத்து பேரு சேந்து தூக்கினோம். கேட்டா, ரோடு போடுறது வேற கான்ட்ராக்டாம், அவங்க வரணுமாம். எப்பய்யா வருவாங்க? ஒரு மழை பெஞ்சா என் பட்டறைக்குள்ள தண்ணி வந்துடும்யா, மோட்டார் தரையிலதான்யா இருக்கு!