கேட்டுல நிக்க வச்சு ஆள எடை போடுறாங்க

மூணு நாளா மனசுல போட்டு அடக்கி வச்சிருந்தேன், இனிமே முடியாது, கொட்டிடுறேன்.

போன சனிக்கிழமை ராத்திரி எங்க டீம்ல அஞ்சு பேரு சென்னையில ஒரு பெரிய ஹோட்டலுக்குள்ள இருக்குற நைட் கிளப்புக்கு போனோம். டீம்ல இருக்குறதுலயே சின்னவன் ஒரு தம்பி, ராமநாதபுரம் பக்கம், வேலைக்கு சேந்து ஒன்றரை வருசம் ஆச்சு, முதல் தடவையா நல்ல சம்பள ஹைக் வந்திருக்கு, "அக்கா இந்த தடவ என் ட்ரீட்டு, எல்லாரும் கண்டிப்பா வரணும்"னு ரெண்டு வாரமா சொல்லிட்டே இருந்தான். அவனே ஆன்லைன்ல டேபிள் புக் பண்ணான், அஞ்சு பேருக்கு, 3000 ரூவா அட்வான்ஸ் கட்டி. மூணு பசங்க ரெண்டு பொண்ணுங்கன்னு புக்கிங்லயே கொடுத்திருக்கான். கன்ஃபர்ம் ஆகி மெசேஜும் வந்துருச்சு. எல்லாம் சரியாத்தான் செஞ்சான் அவன்.

ஒன்பது மணிக்கு போய் நிக்கிறோம். கேட்டுல கருப்பு டீசர்ட்டு போட்ட பவுன்சர் ரெண்டு பேரு, கையில டேப்லெட் வச்சுட்டு ஒருத்தர், கொஞ்சம் தள்ளி வாக்கிடாக்கியோட கோட்டு போட்ட மேனேஜர். புக்கிங்க காட்டுனா அத யாரும் பாக்கவே இல்ல, அந்த தம்பிய மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க, அந்த பார்வைய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அவன் நல்லா அயர்ன் பண்ண சட்ட, ஜீன்ஸ், கால்ல தோல் செருப்பு போட்டிருந்தான். நல்ல கருப்பா இருப்பான், இங்கிலீஷ் பேச கொஞ்சம் தயங்குவான், "அண்ணா புக் பண்ணியிருக்கோம்ணா"ன்னு தமிழ்லதான் சொன்னான். அவ்ளோதான் முடிஞ்சது. "ரேஷியோ சரியில்ல, ஒரு ஸ்டாக் எக்ஸ்ட்ரா இருக்கு, தம்பி நீ ஓரமா நில்லு"ங்குறாங்க.

ரேஷியோவாம். ஸ்டாக்னா ஜோடியா பொண்ணு இல்லாம வர்ற ஆம்பளையாம். ஒரு ஆணுக்கு ஒரு பொண்ணு இருக்கணுமாம். சரி அது ரூல்னா காசு வாங்கும்போது சொல்லியிருக்கணும்ல? கேட்டா பதில் இல்ல, அடுத்து செருப்புக்கு போறாங்க, "ஷூ இல்லாம உள்ள விட மாட்டோம்"னு. புக்கிங் பேஜ்ல "ஸ்மார்ட் கேஷுவல்ஸ்"னு ஒரு வரிதான் இருந்துச்சு, செருப்பு பத்தி ஒரு எழுத்து கிடையாது. நாங்க அங்க நின்னு பேசிட்டிருக்கும்போதே பெரிய கார்ல இருந்து நாலு பசங்க இறங்குறாங்க, கூட ஒரு பொண்ணு கூட இல்ல, அதுல ஒருத்தன் வீட்டுல போடுற மாதிரி ரப்பர் ஸ்லைடு செருப்பு போட்டிருக்கான், கயித்த தூக்கி "வெல்கம் சார்"னு உள்ள அனுப்புறாங்க எங்க கண்ணு முன்னாடியே. அந்த ஸ்லைடுல பிராண்டு பேரு பெருசா எழுதியிருந்துச்சு. அப்போ ரேஷியோவும் கிடையாது ஷூவும் கிடையாது, யார பாத்தா புடிக்கலையோ அவங்க மேல அந்த நேரத்துக்கு ஒரு ரூல எடுத்து போடுறாங்க.

இதுக்கு மேலதான் எனக்கு ரத்தம் கொதிச்சது. அந்த மேனேஜர் சிரிச்சுகிட்டே வந்து "மேடம், நீங்க ரெண்டு லேடீசும் தாராளமா உள்ள போலாம், உங்களுக்கு ஃப்ரீ"ங்குறான். அதாவது கூட வந்த தம்பிய ரோட்டுல விட்டுட்டு நாங்க உள்ள போயி ஆடணுமாம். எதுக்கு எங்களுக்கு ஃப்ரீ? எங்கள உள்ள வச்சு காட்டி மத்தவன்கிட்ட கவர் சார்ஜ், அதாவது உள்ள நுழையுற காசு, வாங்குறதுக்கு. முப்பத்தொரு வயசாகுது எனக்கு, டீம் லீடா இருக்கேன், என் காசுக்கு நான் சாப்புடுறேன் குடிக்கிறேன், என்னைய கடைக்கு முன்னாடி தொங்க விடுற வாழத்தாரு மாதிரி பாக்குறான். இத பொண்ணுங்களுக்கு கொடுக்குற மரியாதைன்னு இத்தன வருசமா நானும் நெனச்சுட்டு உள்ள போயிருக்கேன், அத நெனச்சாத்தான் இன்னும் வயிறு எரியுது.

தம்பி அப்பவும் மெதுவாத்தான் கேட்டான், "அப்போ என் அட்வான்ஸ திருப்பி குடுங்கண்ணா"ன்னு. நான்-ரீஃபண்டபிளாம், கட்டுன காசு திரும்ப வராதாம். அவங்களே உள்ள விட மாட்டாங்களாம், காசும் தர மாட்டாங்களாம். அவன் மெசேஜ காட்ட போன நீட்டிட்டு ஒரு அடி முன்னாடி வச்சான், ஒரு பவுன்சர் நெஞ்சுல கை வச்சு தள்ளிட்டான். விழல, தடுமாறி கம்பிய புடிச்சுகிட்டான். லைன்ல நின்னவங்க எல்லாம் பாக்குறாங்க, ஒருத்தர் கூட வாயத் தொறக்கல.

ஒரு செக்யூரிட்டிக்கு கஸ்டமர் மேல கை வைக்க யாரு அதிகாரம் கொடுத்தா? தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்குன்னு 2005ல ஒரு மத்திய சட்டம் வந்துச்சு, லைசென்ஸ் இல்லாம ஏஜென்சி நடத்தக் கூடாது, ஆளுங்களுக்கு ட்ரெயினிங் கொடுக்கணும்னு அதுல இருக்கு. போலீஸ் பவர் எதுவும் அவங்களுக்கு கிடையாது. அன்னைக்கு அங்க நின்ன ரெண்டு பேரு சட்டையிலயும் பேரும் இல்ல ஐடி கார்டும் இல்ல, கம்ப்ளைண்ட் கொடுக்கலாம்னா ஆள எப்படி சொல்லுவீங்க, கருப்பு டீசர்ட்டுன்னா?

ரெண்டாவது பவுன்சர பத்தி ஒண்ணு சொல்லணும், அவரும் நம்ம ஊர்க்காரருதான், பேச்சுலயே தெரிஞ்சது. நாங்க கெளம்பும்போது பக்கத்துல வந்து "மேல இருந்து சொல்றாங்க மேடம், நான் விட்டா என் வேல போயிரும்"னு தலைய குனிஞ்சுகிட்டு சொன்னாரு. அவரு மேல எனக்கு கோவமே வரல. யார விடணும் யார விடக்கூடாதுன்னு கண்ணக் காட்டுனது அந்த கோட்டுக்காரன், பாவத்த சுமக்குறது இவரு.

கேட்டா "ரைட்ஸ் ஆஃப் அட்மிஷன் ரிசர்வ்ட்"னு ஒரு போர்ட காட்டுறாங்க. அந்த போர்டு என்ன சட்டத்துக்கும் மேலயா? அரசியலமைப்புல 15(2)னு ஒரு பிரிவு இருக்கு, ஸ்கூல்ல எல்லாரும் படிச்சதுதான். மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இத மட்டும் காரணமா வச்சு எந்த குடிமகனையும் கடை, ஹோட்டல், பொது கேளிக்கை இடம் எதுக்குள்ளயும் போக விடாம தடுக்கக்கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. பாலினம்னா ஆணும் அதுல வருவான்ல? தமிழ்நாட்டுல ஹோட்டல் பாருக்கு எஃப்எல் 3ங்குற மது லைசென்ஸ் கொடுக்குறது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, அரசாங்கத்துகிட்ட லைசென்ஸ் வாங்கி நடத்துறீங்க, என்னமோ உங்க வீட்டு கல்யாணத்துக்கு பத்திரிக்க வச்ச மாதிரி ஆள் பாத்து விடுறீங்க.

இது இன்னைக்கு நேத்து வந்த வியாதியும் கெடையாது. 2014ல ஹைகோர்ட் ஜட்ஜ் ஒருத்தரயே வேட்டி கட்டிட்டு வந்தாருன்னு சேப்பாக்கத்துல கிரிக்கெட் சங்க கிளப்புல உள்ள விடாம திருப்பி அனுப்புனாங்க, ஞாபகம் இருக்கா? ஊரே பொங்கி, அதே வருசம் ஆகஸ்ட்ல சட்டசபையில சட்டமே போட்டாங்க, வேட்டிய காரணமா சொல்லி தடுத்தா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், 25,000 வரைக்கும் அபராதம்னு. ஜட்ஜுக்கு நடந்ததால சட்டம் வந்துச்சு. எங்க தம்பி மாதிரி பசங்களுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்குது, கேக்குறதுக்கு யாரு இருக்கா?

உள்ள போனவங்க கதையும் ஒண்ணும் சந்தோசமா இல்ல. போன டிசம்பர்ல வேற ஒரு எடத்துல ரெண்டு பேருக்கு 2000 ரூவா கவர் வாங்குனாங்க, அதுக்கு சாப்புட்டுக்கலாம்னு சொன்னாங்க, ஆர்டர் எடுக்க ஒரு ஆள் வரதுக்கே அர மணி நேரம், பதினோரு மணிக்கு திடீர்னு "லாஸ்ட் ஆர்டர் முடிஞ்சிருச்சு"ன்னாங்க, மீதி 600 ரூவா போனது போனதுதான். இதுல பில்லுல பத்து பர்சென்ட் சர்வீஸ் சார்ஜ் வேற. எடுங்கன்னேன், "இது ஸ்டாஃபுக்கு போற காசு மேடம்"னு என்னமோ நான் ஏழைங்க வயித்துல அடிக்கிற மாதிரி பேசுறாங்க. சர்வ் பண்ண பையன தனியா கூப்ட்டு கேட்டேன், அவன் உதட்ட பிதுக்குனான். சர்வீஸ் சார்ஜ தானா பில்லுல சேக்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொல்லிருச்சு, ஹோட்டல்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரிதான்னு தீர்ப்பு கொடுத்திருச்சு. அன்னைக்கு நான் இருபது நிமிசம் சண்ட போட்டுத்தான் எடுக்க வச்சேன், பக்கத்து டேபிள்ல பேசாம கட்டிட்டு போறாங்க, எத்தன டேபிள் இப்படி ஒரு ராத்திரிக்கு!

3000 ரூவாய நான் விடப் போறதில்ல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளைண்ட் பதிஞ்சாச்சு, புக்கிங் மெசேஜ், காசு போன ஸ்கிரீன்ஷாட், அந்த பேஜோட ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். அதுல வேல ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்கு போறேன், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸே கெடையாது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா தயவு செஞ்சு "விடு மச்சான் வேற எடம் போலாம்"னு நகந்துராதீங்க, பில்லயும் மெசேஜயும் பத்திரமா வைங்க, நேரத்த குறிச்சு வைங்க, முடிஞ்சா அங்கயே எழுத்துல காரணம் கேளுங்க.

அன்னைக்கு அஞ்சு பேரும் கடைசில ஒரு பிரியாணி கடையில உக்காந்தோம். தம்பி பில்ல யாரையும் தொட விடல. சரியா சாப்புடவும் இல்ல. ராத்திரி ஒரு மணிக்கு குரூப்ல மெசேஜ் போட்டிருக்கான், "சாரிக்கா, என்னாலதான் எல்லாருக்கும் மூட் அவுட் ஆயிருச்சு"ன்னு.

நேத்து திங்கக்கிழமை ஆபீசுக்கு புது ஷூ போட்டுட்டு வந்தான்.