ஓடுகிற வண்டிக்குத்தான் ஆயில் மாற்றுவார்கள்

என்னைக் கேலி செய்து அண்ணன் போட்ட மீம் பதிவுக்குப் பதில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நேற்று என் மனைவியின் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுக்கே அது வந்துவிட்டது. "ஓடுற வண்டியக் கழட்டாதேன்னு சொன்னா கேக்கணும்" என்ற வாசகம், கீழே ரூபாய்க் குறிக்குப் பதிலாகக் கட்டம் விழுந்த ரசீதின் படம். என் பெயரைப் போடவில்லை, அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. யாரைச் சொல்கிறார் என்று தெரியாத ஆள் இங்கே ஒருவரும் இல்லை.

ஆமாம், வெள்ளிக்கிழமை எங்கள் ரசீதுக்குப் பின்னால் இருக்கிற பேக்கேஜை, அதாவது வேறு யாரோ எழுதி நாங்கள் எடுத்துப் பயன்படுத்துகிற கோடை, அப்டேட் செய்தது நான்தான். 40 நிமிடம் ரசீதுகளில் கட்டம் கட்டமாக வந்தது. பழைய வெர்ஷனை ஏற்றினேன், சரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றியது என் தப்பு. அப்டேட் செய்ததே தப்பு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓடுகிற வண்டிக்குத்தான் அண்ணா ஆயில் மாற்றுவார்கள். நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

அந்தப் பேக்கேஜில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது, சிவிஇ எண்ணோடு (ஓட்டைகளுக்குப் பொதுவில் கொடுக்கிற அடையாள எண்) ஊருக்கே தெரிந்த விஷயம். பழைய பேக்கேஜைக் கண்டால் சொல்லுகிற டிபெண்டபாட் என்ற கருவி எட்டு மாதமாக நினைவூட்டிக்கொண்டிருந்தது. ஓட்டையை அடைத்த வெர்ஷனோ நாங்கள் வைத்திருந்ததிலிருந்து மூன்று மேஜர் (பெரிய) வெர்ஷன் தள்ளி. மூன்று வருடம் யாரும் அதைத் தொடவில்லை. வருடத்துக்கு ஒரு படி ஏறியிருந்தால், என்ன மாறியது என்ற பட்டியலான சேஞ்ச்லாகைப் படித்து அரை நாளில் முடிகிற வேலை. எழுத்துருவை இனி நாமே சேர்க்க வேண்டும் என்ற மாற்றம் நடுவில் எங்கோ ஒரு வரியாகக் கிடந்திருக்கிறது, என் கண்ணில் படவில்லை, கட்டம் விழுந்தது அதனால்தான். தொடாமல் விட்டதால் சிக்கலாகிறது, சிக்கலாக இருப்பதால் தொடாதே என்கிறார்கள்.

2021 டிசம்பர் 10. அதுவும் வெள்ளிக்கிழமைதான், எனக்கும் வெள்ளிக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை. ஜாவா புரோகிராமில் நடப்பதை லாக் என்ற குறிப்பேட்டில் எழுதிவைக்கிற லாக்4ஜே பேக்கேஜின் ஓட்டை, ஊரெல்லாம் பரவிய நாள். லாகில் பதிவாகிற ஏதோ ஒரு இடத்தில், லாகின் பெட்டியில்கூட, ஒரே ஒரு வரியைப் போட்டால் போதும், யாரோ எழுதிய கோடை நம் சர்வரே வெளியே போய் எடுத்து வந்து ஓட்டும். தீவிரம் பத்துக்குப் பத்து. ஞாயிறு என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். நான் மண்டபத்துப் பந்தியில், கடைசி மேஜையில் லேப்டாப்போடு இருந்தேன். அப்போது வேலை பார்த்த இடத்தில் எந்த அப்ளிகேஷனுக்குள் எந்த வெர்ஷன் என்ற பட்டியலே கிடையாது. ஜாவா கோடைக் கட்டிவைக்கிற ஜார் ஃபைலுக்குள் ஜார், அதற்குள் இன்னொரு ஜார். நாங்கள் சேர்க்கவே செய்யாத லாக்4ஜே, நாங்கள் சேர்த்த வேறொரு லைப்ரரியின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தது. ஓட்டையை அடைக்க 2.15 வெர்ஷனைப் போட்டோம். அது போதாது, 2.16 என்றார்கள். மார்கழி பிறந்தது, 2.17 வந்தது. மாதம் முடிவதற்குள் 2.17.1. மாதாமாதம் ஒழுங்காக அப்டேட் செய்து வந்த பக்கத்து டீம் சனிக்கிழமை மாலையே வீட்டுக்குப் போய்விட்டது. தட்டு மாற்றும்போது அம்மா கூப்பிட்டது எனக்குக் காதிலேயே விழவில்லை. அன்றைய ஆல்பத்தில் நான் எந்தப் படத்திலும் இல்லை.

அப்டேட் செய்தவன்தானே, ஃபைலைச் சுருக்குகிற எக்ஸ்இசட் மென்பொருள் விஷயத்தில் மாட்டினான் என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2024 மார்ச்சில் அந்தக் கள்ளக் கதவு 5.6.0, 5.6.1 என்ற புத்தம்புது வெர்ஷன்களில்தான் இருந்தது. பழையதோடு இருந்த டெபியன் ஸ்டேபிள் என்ற லினக்ஸ் பதிப்பு தப்பித்தது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வந்த அன்றே கண்ணை மூடிக்கொண்டு எடு என்று நானும் சொல்லவில்லை, நாலு நாள் பொறுத்து எடு. ஆனால் நாலு நாளும் மூன்று வருடமும் ஒன்றா? அப்புறம், அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். தூரத்து சர்வருக்குள் நுழைகிற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி இழுக்கிறதே என்று குடைந்தவர். அவரும் ஓடுகிற வண்டியைக் கழட்டிப் பார்த்த ஆள்தான்!

ரசீதுப் பேக்கேஜின் ஓட்டை நம்மைப் பாதிக்காது, அந்த ஃபங்ஷனையே நாம் கூப்பிடுவதில்லை என்று இன்னொருவர் கமென்ட் போட்டிருந்தார். பார்த்துவிட்டுச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஓட்டை தேடுகிற என்பிஎம் ஆடிட் கருவி சும்மா கத்துகிற நேரமும் உண்டு, தெரியும். ஆனால் நீங்கள் பார்க்கவில்லையே. டெஸ்ட் எழுதியிருக்கலாமே என்பவர்களுக்கு: எழுத நேரம் கேட்டேன், ஸ்பிரிண்டில், அதாவது அந்தச் சுற்றுக்கான வேலைப் பட்டியலில், இடமில்லை என்றார்கள். அவ்வளவுதான்.

கடன் விவரம் சேகரிக்கிற அமெரிக்கக் கம்பெனி எக்விஃபேக்ஸ் கதை தெரிந்திருக்கும். அவர்கள் இணையதளத்தில் இருந்த ஸ்ட்ரட்ஸ் என்ற பேக்கேஜின் ஓட்டைக்கு 2017 மார்ச் 7 அன்றே பேட்ச் (ஓட்டை அடைக்கிற திருத்தம்) வந்துவிட்டது. போடவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்களை ஜூலைக் கடைசியில்தான் கவனித்தார்கள். ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. பிறகு முன்னாள் தலைமை அதிகாரி அமெரிக்கக் காங்கிரசில் போய், பேட்ச் போடச் சொல்லித் தகவல் அனுப்ப வேண்டிய ஒரு ஆள் அதைச் செய்யவில்லை என்றார். அத்தனை பெரிய கம்பெனியில் ஒரு ஆள்!

அப்டேட் செய்யாவிட்டாலும் அந்த ஒரு ஆள்தான், செய்தாலும் அந்த ஒரு ஆள்தான். போன வருடம் முழுக்க நான் ஏற்றிய அத்தனை பேட்சில் எதுவும் உடையவில்லை. அதற்கு யாராவது மீம் போட்டார்களா? உடையாத நாளுக்கு இன்க்ரிமென்ட் வேண்டாம், ஒரு "சரிப்பா" கூட வரவில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர், "யாரைக் கேட்டு ஏற்றினே?" என்றார். எட்டு மாதமாக டிக்கெட்டில் கேட்டுக்கொண்டிருந்தது அவரைத்தான்.

அண்ணன் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. அந்தப் பதிவுக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கக் கூடாது. லாக் ஃபைல் என்றால் என்ன என்று பக்கத்தில் உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுத்த பையன், மூன்றாவது பெயர். தம்பி, நாளைக்கு டீக்கு வா. அந்த எழுத்துருவைச் சேர்த்து மறுபடி ஏற்ற வேண்டும், ரெவ்யூ நீதான் பார்க்கிறாய்.