‘மியூஸ்’ முதலில் குதிரை லாயம் அல்ல

லண்டனில் ‘மியூஸ்’ என்று முடியும் தெருப் பெயர்கள் நிறைய உண்டு. அதை வைத்து ஒரு செய்தி சுற்றி வருகிறது: ‘மியூஸ் என்றால் ஆதியிலேயே குதிரை லாயம்தான், வேட்டைக்கு வல்லூறு வளர்ப்பவர்கள் பிற்பாடு அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.’ இது அப்படியே தலைகீழ்.

சொல்லின் வேர் பிரெஞ்சில் இருக்கிறது. ‘முயே’ என்றால் இறகு உதிர்ப்பது. அதற்கும் மூலம் ‘மாறுதல்’ என்ற பொருள் தரும் லத்தீன் சொல். வேட்டைக்குப் பழக்கிய பறவை ஆண்டுதோறும் பழைய இறகை உதிர்த்துப் புது இறகு வளர்க்கும். அந்த நாட்களில் அதைப் பறக்க விடாமல், தொந்தரவில்லாத ஓர் இடத்தில் அடைத்து நன்றாகத் தீனி போடுவார்கள். வளரும் இறகு முறிந்தால் அடுத்த உதிர்ப்பு வரை அந்தக் குறை தீராதே! அந்த அடைப்பிடம்தான் மியூ; அதன் பன்மைதான் மியூஸ். எவ்வளவு அக்கறையில் பிறந்த சொல், பாருங்கள்.

சரி, குதிரை எப்படி உள்ளே வந்தது? லண்டன் சேரிங் கிராஸில் 1377 முதல் அரச வேட்டைப் பறவைகளின் மியூஸ் இருந்தது. 1534இல் புளூம்ஸ்பரியில் இருந்த மன்னர் எட்டாம் ஹென்றியின் லாயம் தீக்கிரையானது. அப்புறம் பறவைகள் இருந்த இடத்துக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். பறவைகள் போயின, பெயர் தங்கிவிட்டது. பணக்கார வீடுகளின் பின்புறம் இருந்த லாயச் சந்துகளுக்கும் பின்னாளில் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய மியூஸ் இருந்த இடத்தில் இன்று நேஷனல் கேலரியும் டிரஃபால்கர் சதுக்கமும் இருக்கின்றன.

வல்லூறு வளர்ப்பவர்கள் பறவைக் கூடத்தை இன்றும் மியூஸ் என்றே சொல்கிறார்கள்.