சென்னையின் கற்களுக்கு நான்கு வரித் தமிழ் வேண்டும்

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், மண்டல வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்துக்குள், ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. புயல் வரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் அதே அலுவலகம்தான். 1792-ஆம் ஆண்டு மைக்கேல் டாப்பிங் என்ற நில அளவையாளரின் முயற்சியால் அங்கே ஒரு வானாய்வுக்கூடம் எழும்பியபோது, தொலைநோக்கிக் கருவியை அசையாமல் தாங்குவதற்காக நிறுத்தப்பட்ட தூண் அது. கட்டடமும் கருவியும் போய்விட்டன, தூண் மட்டும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து வருகிறவர்களும் இங்கே வான்கணிதம் நடந்ததை அறிய வேண்டும் என்பதற்காக அதன் மேல் செய்தியைப் பல மொழிகளில் வெட்டி வைத்தார்கள். அவற்றில் தமிழும் ஒன்று, தெலுங்கும் ஒன்று. இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், தமிழ் தெரியாத ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கத்துக்கு, இந்த ஊர்க்காரர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இந்த ஒரு விஷயம் சில மாதங்களாக என்னை விடாமல் துரத்துகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தக் கூடத்தின் கதை தூணோடு முடிந்துவிடுவதில்லை. 1861-இல் நார்மன் போக்சன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் நிகழ்வு வந்தபோது, சாமானிய மக்கள் பயப்படாமல் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று, உரையாடல் வடிவில் ஒரு சிறு நூலை எழுதி இந்திய மொழிகள் சிலவற்றில் வெளியிட்டார். கருவியில் தான் பார்த்ததை வீதியில் இருப்பவருக்கும் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு அவரிடம் இருந்திருக்கிறது. இந்தியாவின் ரயில்கள் பல ஆண்டுக் காலம் சென்னை நேரத்தை வைத்தே ஓடின, அந்த நேரம் கணிக்கப்பட்டதும் இந்த இடத்தில்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் பார்க்க ஒன்றுமில்லை என்று நாம் சொல்வது, பார்க்க வேண்டியவற்றின் அருகில் யாரும் நமக்கு எதையும் சொல்லி வைக்காததால்தான். இந்த நகரத்துக்குப் புதிய கேளிக்கைப் பூங்கா எதுவும் அவசரமாகத் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் இடங்களில், சாலையில் நடப்பவர் நின்று வாசிக்கும்படி, எளிய தமிழில் நான்கு வரிகள் தேவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சில மணி நேரமாவது திறந்திருக்கும் ஒரு வாசலும் தேவை.

போன டிசம்பரில் தஞ்சாவூரிலிருந்து என் அண்ணன் மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். மெரினா, ஒரு பெரிய வணிக வளாகம், மாமல்லபுரம் என்று மூன்று இடங்களை எழுதி வைத்திருந்தாள். “ரெண்டு நாள் போதும் அத்தை, மீதி நாள் வீட்டிலேயே இருக்கலாம்” என்றாள். பெரிய கோயிலின் நிழலில் வளர்ந்த பெண்ணுக்கு இந்த ஊர் சிறியதாகத் தெரிவதில் தவறில்லை. ஆனால் இங்கேயே முப்பது ஆண்டுகளாக வாழும் எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லையே என்பதுதான் உறுத்தியது. மறுநாள் காலையில் அவளை அழைத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன்.

அரண்மனைக்காரத் தெருவை எல்லோருக்கும் தெரியும். அது அர்மேனியர்களின் தெரு என்பதுதான் பலருக்குத் தெரியாது. ‘அர்மேனியன்’ என்ற சொல் நம் நாவில் புரண்டு ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டது என்று சொல்வார்கள். அங்கே 1772-இல் எழுந்த அர்மேனிய தேவாலயம், உயர்ந்த மதிலுக்குள் ஒளிந்திருக்கிறது. கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும், வெளியே இருந்த வண்டிச் சத்தமும் சுமைக் கூலிகளின் குரலும் பாதியாகக் குறைந்தன. கல்லறைப் பலகைகளே நடைபாதையாக இருந்தன. வெயிலில் வெளுத்த கல்லில், மாலையைக் கோத்து வைத்ததுபோல அர்மேனிய எழுத்துகள். மேலே நின்ற மரத்திலிருந்து ஒரு நாகலிங்கப் பூவோ அரளிப் பூவோ விழுந்து ஓர் எழுத்தை மறைத்திருந்தது. என் மருமகள் குனிந்து அந்தப் பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “இது யாரு அத்தை?” என்று கேட்டாள். அந்தக் கல் யாருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே வளாகத்தில் துயில்கிற ஒருவரைப் பற்றிச் சொன்னேன். ஹருத்தியுன் ஷ்மவோனியன் என்ற பாதிரியார், 1794-இல் ‘அஸ்தரார்’ என்ற இதழை இந்தச் சென்னையிலிருந்து அச்சிட்டார். உலகத்திலேயே அர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அது. தாய்நாட்டில் இல்லாத ஒரு வாய்ப்பு இங்கே ஒரு மொழிக்குக் கிடைத்திருக்கிறது. கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர்தான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியவர், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. பின்னால் வந்த பாலத்தில் நாம் தினமும் ஆற்றைக் கடக்கிறோம், முதலில் கட்டியவர் பெயர் நமக்குத் தெரியாது. நாங்கள் அங்கே இருந்த முக்கால் மணி நேரத்தில் வேறு யாரும் உள்ளே வரவில்லை.

அங்கிருந்து உயர் நீதிமன்றத்தின் மதிலோரம் வந்தால், ஒரு பலகையைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியதை அது நினைவூட்டுகிறது. துறைமுகத்துக்கு அருகிலிருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. ஊரைவிட்டே ஏராளமானோர் ஓடினார்கள். கப்பல் சில நிமிடங்களில் இருளில் மறைந்துவிட்டது, ஆனால் அதன் பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. “அவன் சரியான எம்டன்” என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். தஞ்சாவூரில் என் அண்ணனும் சொல்வான். அந்தச் சொல் இந்தச் சுவரிலிருந்துதான் கிளம்பியது என்று சொன்னபோது, என் மருமகள் உடனே கைப்பேசியை எடுத்து அப்பாவை அழைத்துவிட்டாள். ஒரு நினைவுப் பலகையை வெறுமனே படித்துவிட்டுப் போவதற்கும், அது தன் வீட்டுப் பேச்சுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்று கண்டுகொள்வதற்கும் உள்ள தூரத்தை அன்று நேரில் பார்த்தேன்.

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. 1963-இல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது, என்றாலும் பேருந்தில் ஏறிப் பழைய பெயரைச் சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, பாதி உலகத்தைச் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்து, 1842-இல் கட்டிய இந்த வட்ட வடிவக் கட்டடத்தில் சேமித்து விற்றார் பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டூடர். பிறகு இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை இங்கேயே வந்ததும் அந்த வணிகம் கரைந்துபோனது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகள் தங்கிப் படிக்கும் விடுதியை அதே சுவர்களுக்குள் நடத்தினார். எனக்கு இவை எல்லாவற்றையும்விட அந்த விடுதிதான் பெரிதாகப் படுகிறது. தலைமுடி மழிக்கப்பட்டு மூலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமிகள், இந்த வளைந்த சுவருக்குள் பாடம் படித்து ஆசிரியைகளாக வெளியே போனார்கள்.

இவை வெள்ளைக்காரர்களின் மிச்சங்கள், இவற்றை நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் செயற்கைத் துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில், அலைக்கு அப்பால் நின்ற கப்பலிலிருந்து சரக்கையும் மனிதரையும் மசூலாப் படகில் கரை சேர்த்தவர்கள் நம் படகோட்டிகள். பரங்கிமலை அருகே 1802-இல் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்கு அடிப்படைக் கோடு ஒன்றை அளந்து, இமயம் வரை நீண்ட மாபெரும் நில அளவையைத் தொடங்கியபோது, வெயிலில் சங்கிலியையும் கருவிகளையும் சுமந்தவர்கள் யார்? பலகையில் அவர்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். இன்னும் பின்னால் போக வேண்டுமானால் பல்லாவரம் இருக்கிறது. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்மாந்தரைப் பற்றிய ஆராய்ச்சி அந்தக் கல்லில்தான் தொடங்குகிறது. அவர் திரட்டிய கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. விமானத்தைப் பிடிக்கப் பதற்றத்தோடு பல்லாவரம் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள், எத்தனை பழைய மண்ணைக் கடக்கிறோம் என்று எப்படி அறிவார்கள்?

அந்த வாரத்தில் ஒரு வருத்தமும் நேர்ந்தது. பழைய வளாகம் ஒன்றின் வாயிலில் எங்களை நிறுத்தி, என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டார்கள். பார்க்க வந்தோம் என்றோம். பார்ப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று அந்தக் காவலர் கேட்டது நக்கலாக அல்ல, உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் அந்த வாசலில் நிற்கிறவருக்கே உள்ளே இருப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் துளியும் கோபமில்லை. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் தமிழில் நான்கு வரி இருந்திருந்தால், அன்று அவரே எங்களுக்குக் கையை நீட்டிக் காட்டியிருப்பார். பலகை வைத்தால் யார் படிக்கப் போகிறார்கள் என்பவர்களுக்கு நான் தரும் பதில் அந்தக் காவலர்தான்.

மாலையில் பசித்தபோது கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறத் தெருவுக்குப் போய் அத்தோ சாப்பிட்டோம். 1960-களில் பர்மாவில் நிலைமை மாறி, வாழ்ந்த இடத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்களோடு வந்த உணவு அது. கடைக்காரர் மஞ்சள் நிற நூடுல்ஸை ஒரு பாத்திரத்தில் போட்டு, மெலிதாகச் சீவிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், மிளகாய்த் தூள், புளித்தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கையாலேயே பிசைந்தார். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூப். இந்த வண்டிக்கு எந்தப் பலகையும் தேவையில்லை, கூட்டமே அதற்குச் சாட்சி. ஆனால் பர்மாவைப் பற்றிக் கேட்டதும், கையை நிறுத்தாமல் தன் தகப்பனாரின் கப்பல் பயணத்தை அவர் சொல்லத் தொடங்கினார். தெரிந்த கதையை அவர் எவ்வளவு ஆசையோடு சொன்னார் என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள், பழைய ஜெயில் சாலையிலுள்ள மாடிப் பூங்காவுக்குப் போனோம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையும் ஹைதர் அலியின் குதிரைப்படையும் வந்து போன பிறகு, உள்ளூர் மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கம்பெனி எழுப்பிய மதிலில் எஞ்சியிருக்கும் துண்டு அது. அதன் மேல்தான் பூங்கா. மதில் கட்டிய செலவுக்குக் கம்பெனி ஊர் மக்களிடம் வரி கேட்டது, மக்கள் கட்ட மறுத்தார்கள், வரி வசூலாகவே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் ‘மதில் வரி’ என்று பொருள்படும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. மதிலடியில் கீரை விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், இது என்ன சுவர் என்று என் மருமகள் கேட்டாள்.

“பழைய ஜெயிலு மதிலுதாம்மா. தெரு பேரே அதானே?”

அவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோட்டை மதிலின் கதையையும் வரியின் கதையையும் சொன்னாள். அந்த அம்மா கீரைக் கட்டின் மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு அண்ணாந்து மதிலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நாங்கள் இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு கிளம்பி, தெருமுனை திரும்புவதற்குள், அடுத்து வந்து குனிந்தவரிடம் அவர் குரலை உயர்த்திச் சொல்வது எங்களுக்குக் கேட்டது.

“இந்தச் செவுத்துக்கு நம்மகிட்ட வரி கேட்டானாம்மா கம்பெனிக்காரன். ஒருத்தரும் குடுக்கலையாம்!”