ஸ்வெட்டரைக் கழற்றினால்தான் நன்கொடை வருமா?

மார்ச் பிறந்துவிட்டால் போதும், "80ஜி (நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு) இருக்கு, வரி மிச்சம், கொடுங்க" என்று மலையில் இருக்கிற பாதி டிரஸ்டுகள் வாட்ஸ்அப்பில் இறங்கிவிடும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சின்ன டிரஸ்டுக்கு நன்கொடைக் கடிதம் எழுதுவது என் வேலை. வாத்தியார் சம்பளம், சாயங்காலச் சுண்டல், இருட்டினால் பிள்ளைகளை வீட்டில் விட்டுவர ஜீப், எல்லாமே யாரோ கொடுக்கிற காசு.

வரியைச் சொல்லிக் கேட்ட காலம் மலையேறிவிட்டது. புதிய வரி முறையில் 80ஜி கழிவு கிடையாது. 2023-24 முதல், நாமாகப் பழைய முறையைக் கேட்டு வாங்காவிட்டால் புதியதுதான். ஆக, வரிக்காகக் கொடுத்தவர்களில் பலருக்கு இப்போது அந்தக் காரணமே இல்லை. அதனால் எல்லோரும், யாரோ ஒருவரின் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்கிற கதைக்குத் தாவிவிட்டார்கள். எனக்குப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கதைக்குச் சக்தி உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் விருப்பப்பட்டதை நன்கொடையாகத் தரச் சொன்னார்கள். ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியாவைப் பற்றி மட்டும் படித்தவர்கள் 2.38. இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது 1.43. அதாவது சிறுமியோடு கணக்கையும் சேர்த்துக் காட்டினால், கொடுக்கிற கை சுருங்கிவிடுகிறது!

இந்த ஆய்வை வைத்துக்கொண்டு "கண்ணீர் இல்லாட்டி காசு இல்லை சார்" என்று பாடம் எடுக்க ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அப்படி ஒருவர், எங்களுக்கு இலவசமாக வீடியோ எடுத்துத் தருகிறேன் என்று கீழே இருந்து வந்தார். டிசம்பர் மாதம், பனி கொட்டுகிற நேரம். எட்டாவது படிக்கிற பிள்ளையை வாசலில் நிறுத்தி, "ஸ்வெட்டரைக் கழட்டும்மா, புதுசா தெரியுது" என்றார். உள்ளே இருந்து பாட்டி போட்ட சத்தத்தில் கேமராவை இறக்கினார். "சளி பிடிச்சா நீயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவே? போட்டுக்கடி!" அதோடு விட்டாரா? 'மின்சாரம் இல்லாத வீட்டில் ஒரு கனவு' என்று தலைப்பு எழுதி வைத்திருந்தார். அதைப் படித்துக் காட்டியதும் பாட்டி சொன்னது: "கரண்டு இருக்கே சாமி, பல்புதான் போயிருச்சு."

வீடியோ வெளியே போகவில்லை. அந்த வீட்டு ஆட்களின் சம்மதத்தோடு நாங்கள் எழுதியது வேறு. பிள்ளையின் பெயர், படம் எதுவும் அதில் இல்லை. வகுப்பு முடிந்து அவள் ஏறிப்போகும் தோட்டத்துப் பாதை, கோயில் விளக்கு எண்ணெய்க்காகக் கரடி வந்துபோகும் பாதை. அதனால்தான் ஜீப். ஒரு சாயங்காலத்துக்கு 350 ரூபாய். அவ்வளவுதான் எழுதினோம். பாட்டிக்குப் படித்துக் காட்டினோம், "பேத்தி கணக்குல நல்ல மார்க்குன்னு சேத்துக்க" என்றார், சேர்த்தோம். அந்த ஜீப்புக்குப் பணம் வந்தது. ரோக்கியா ஆய்வு ஒரு ஆளைக் காட்டு என்றுதான் சொல்கிறது. அந்த ஆளை நடுங்கவிட்டுக் காட்டு என்று எங்கேயும் சொல்லவில்லை. யாரைப் பற்றி எழுதுகிறோமோ, அவர் முன்னால் வாய்விட்டுப் படிக்க முடியாத கடிதத்தை நான் அனுப்ப மாட்டேன். குழந்தைகள் காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் இது நல்ல மனசு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். ஆனாலும் முகத்தைப் பெரிதாகப் போட்டு க்யூஆர் கோடு ஒட்டிய போஸ்டர்கள் என் போனுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அடுத்து நன்றி. நம் ஊரில் நன்றி என்றால் பொன்னாடை, கேடயம், ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். பிளாஸ்டிக் தடை என்று, கோத்தகிரிக்கு ஏறும் வழியில் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் டூரிஸ்ட்டின் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைக்கிற மாவட்டத்தில், நன்கொடையாளர் முகத்துக்கு மட்டும் பிளாஸ்டிக்கில் விலக்கு போலிருக்கிறது.

போன் போட்டு நன்றி சொன்னால் அடுத்த வருஷமும் கொடுப்பார்கள் என்பது இந்தத் தொழிலில் வேதவாக்கு. ஆன்யா சாமெக், சக் லாங்ஃபீல்ட் இருவரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆறு வருஷம், ஏறக்குறைய 6 லட்சம் நன்கொடையாளர்கள், பெரும்பாலும் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கொடுத்தவர்கள். ஒரு பகுதியினருக்கு நன்றி சொல்லி போன் போனது, மற்றவர்களுக்கு இல்லை. மறுபடி கொடுத்ததில் வித்தியாசமே இல்லை. பலன் பெரிதாக இருக்கும் என்று முன்கூட்டியே கணித்த நிபுணர்கள்தான் ஏமாந்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த காசுக்குத் தூண்டில் போடுகிற நன்றி தேவையில்லை, கடன்பட்டதற்குச் சொல்கிற நன்றி போதும். அந்தக் கடனில் முதலாவது, மே 31-க்குள் 10பிஇ, அதாவது கொடுத்தவருக்கு டிரஸ்ட் தர வேண்டிய நன்கொடைச் சான்றிதழ். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வருமான வரித் துறைக்குத் தரும் 10பிடி கணக்கை டிரஸ்ட் தாக்கல் செய்யாவிட்டால் பழைய வரி முறையில் இருக்கிறவருக்கும் கழிவு கிடைக்காது. பொன்னாடை போர்த்திவிட்டு இதை மறக்கிற டிரஸ்டுகளை என்ன சொல்ல? இரண்டாவது, பணம் என்ன ஆனது என்று ஒரு பக்கம். மண் சரிந்து ஜீப் ஓடாத வாரமும், பாதியில் நின்றுபோன வாத்தியாரும் அதில் இருக்க வேண்டும். பச்சைத் தேயிலைக் காசில் மாதம் 200 ரூபாய் ஜிபேயில் போடும் ஒரு அக்கா இருக்கிறார். கிலோ விலை விழுந்த மாதங்களில் நிறுத்திவிடுவார். லட்சம் கொடுத்தவருக்குப் போகிற அதே பக்கம்தான் அவருக்கும், நிறுத்திய மாதத்திலும் போகும்.

மலையில் சின்ன டிரஸ்ட் நடத்திக்கொண்டு, 10பிடி போட ஆடிட்டர் கிடைக்காமல் அலைகிறவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் லேப்டாப்போடு உட்காருகிறோம். நன்கொடையாளர்களின் பான் எண், ரசீது நோட்டு இரண்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.