பை இலவசமாம், வெளிச்சத்துக்குத் தனிக்காசாம்

இங்கே மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நெருங்கினாலே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "மாமா, எந்தக் கேமரா வாங்கலாம்? ரொம்பப் பெரிசு வேண்டாம், ரொம்ப விலையும் வேண்டாம்." விரதம் தொடங்குவதற்குள் பதில் வேண்டுமாம். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சல்தான் மிச்சம். இன்றைக்கு அதைக் கொட்டிவிடுகிறேன்.

கேட்கிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆரம்பநிலை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) என்று பெயர் போட்டு, புதிதாகப் பழகுகிறவருக்கு எது முதலில் வேண்டுமோ அதையே பிடுங்கிக்கொண்டு விற்கிறார்களே, அதன் மேல்தான் கோபம். வருடக்கணக்காகப் படம் எடுத்தவனுக்குத் தொடுதிரை இல்லாவிட்டாலும் விரல் தானாகப் பொத்தானைத் தேடிப் போகும். ஃபோனில் மட்டுமே எடுத்துப் பழகிய பிள்ளைக்கு, திரையில் முகத்தைத் தொட்டால் அங்கே ஃபோகஸ் வரும் என்பது ஒன்றுதான் தெரியும். விலையைக் குறைக்கிறோம் என்று அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள்.

கேனான் ஆர்100ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்தது. 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி என்ற அளவில் சென்சார் (படம் பதியும் சில்லு), கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உண்டு, பேட்டரியும் கார்டும் சேர்த்து 356 கிராம். கூடவே வரும் 18-45 மிமீ ஜூம் லென்ஸோடு (இதைத்தான் கிட் லென்ஸ் என்பார்கள்) அமெரிக்காவில் அறிமுக விலை 600 டாலர். நல்ல வெயிலில் படம் அருமையாக வரும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பின்திரை அசையாது, தொட்டாலும் கேட்காது. 4கே வீடியோ எடுத்தால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும், ஃபோகஸும் பழைய மெதுவான முறைக்கு இறங்கிவிடும். இதே கேனான் 2012இல் விட்ட முதல் ஈஓஎஸ் எம்மில் தொடுதிரை இருந்தது ஐயா! ஒலிம்பஸ் 2014இல் விட்ட ஈ-எம்10ஐப் பாருங்கள். தொடுதிரை, அதுவும் சாய்த்துப் பார்க்கக்கூடியது. வியூஃபைண்டர் உண்டு. கை நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு கேமராவின் உடலுக்குள்ளேயே உண்டு. அவர்களுடைய ஓஎம்-டி வரிசையில் அதுதான் கீழ்ப்படி மாடல்.

அப்படியென்றால் தொழில்நுட்பம் இல்லாமலா வெட்டுகிறார்கள்? அதே 2023இல் வந்த ஆர்50இல் திருப்பிப் பார்க்கும் தொடுதிரை இருக்கிறது, 4கேவும் முழு அகலத்தில் வருகிறது. லென்ஸ் இல்லாமல் உடல் மட்டும் அறிமுக விலை 680 டாலர், ஆர்100க்கு 480. அந்த 200 டாலர் இடைவெளியில் வைத்துத்தான் நம்மை மேலே தள்ளுகிறார்கள். வியாபாரம், சரி. அதற்காக ஒன்றும் தெரியாதவன் தலையிலா கடினமான கருவியைக் கட்டுவது?

இன்னொரு வகை இருக்கிறது, வீடியோ போடுகிறவர்களுக்கு என்று விற்பது. அதில் தொடுதிரை உண்டு, திருப்பலாம், வியூஃபைண்டர் மட்டும் இருக்காது. என் தங்கை மகள் கையில் இருப்பது இந்த வகை. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, எல்லாரும்தான் இப்படிச் செய்கிறார்கள். குவாத்ர் போர்னில், கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகன் கோயிலுக்கு எங்கள் மச்சான் காவடி எடுத்தார். நமக்குத் தைப்பூசம் என்றால் உச்சக் கோடை. நடுப்பகல் வெயிலில் காவடிகள் படியேறுகின்றன, எங்கு பார்த்தாலும் இளஞ்சிவப்பு வேட்டிகள். இவள் கையிலிருந்த திரையில் இவள் முகம்தான் தெரிகிறது. துப்பட்டாவைத் தலைக்கு மேல் முக்காடாகப் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள், உள்ளங்கையைக் குடையாக வைத்துப் பார்த்தாள், கடைசியில் குத்துமதிப்பாக அழுத்தினாள். சாயங்காலம் பார்த்தால் அப்பாவின் காவடியில் மயில்தோகை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, பக்கத்தில் நின்றவருடைய குடை முழுசாக வந்திருக்கிறது.

வெயில் கதை இது. மண்டபத்துக்குள் நுழைந்தால் இன்னும் மோசம், அங்கே குற்றவாளி கிட் லென்ஸ். இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்வதில்லை.

பெரிய சென்சார் இருப்பதால் ஃபோனைவிட இருட்டில் நன்றாக எடுக்கும் என்பார்கள். ஏபிஎஸ்-சி சென்சார், நல்ல ஃபோனின் முதன்மைச் சென்சாரைவிடப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தாறு மடங்கு பெரியதுதான். ஆனால் அந்த ஃபோனின் லென்ஸ் எஃப் 1.8 அளவில் திறந்திருக்கிறது (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது). 18-45 கிட் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 4.5, ஜூம் செய்தால் எஃப் 6.3. எஃப் எண்ணின் வர்க்கக் கணக்குப்படி, 1.8இலிருந்து 4.5க்குப் போனால் உள்ளே விழும் வெளிச்சத்தின் அடர்த்தி ஆறில் ஒரு பங்காகிவிடும். 6.3 என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. பெரிய சென்சாரால் கிடைத்த லாபம் மொத்தமும் லென்ஸ் வாயிலேயே செலவாகிவிட்டது. இது போதாதென்று ஃபோன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கிறது. அதனால்தான் புதுக் கேமரா வாங்கிய பிள்ளை, ராத்திரி எடுத்ததைப் பார்த்துவிட்டு "என் ஃபோனே பரவாயில்லை மாமா" என்கிறாள். அவள் சொல்வது சரி.

போர்ட் லூயிஸ் கடையில் இதைக் கேட்டேன். "இருட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது" என்றார் விற்பனையாளர். அட, அது தாங்குவது என் கை நடுக்கத்தை! மேளத்துக்குச் சுற்றி ஆடுகிற காவடியை அது எப்படி நிறுத்தும்? ஷட்டர் 1/15 நொடி திறந்திருந்தால் தூண் கூர்மையாக வரும், ஆடுகிறவர் புகையாகத்தான் வருவார். ஆட்டோ முறையும் பல நேரம் ஷட்டரை மெதுவாக்கிக் கொடுத்து இதே வேலையைத்தான் செய்கிறது.

அந்தக் கடையைப் பற்றி இன்னும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காட்சிக்கு வைத்திருக்கும் கேமராவுக்குள் பேட்டரி இல்லை. கம்பிச் சுருள் போட்டு மேசையோடு கட்டியிருக்கிறார்கள், முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் அலாரம் கத்துகிறது. வியூஃபைண்டரில் பார்க்காமல், மெனுவைத் தொடாமல், ஒரு படம்கூட எடுக்காமல் எதை வைத்து ஐயா முடிவு செய்வது? "24 மெகாபிக்சல் சார்" என்று அட்டையைக் காட்டுகிறார். அந்த அளவில் எல்லார் அலமாரியிலும்தான் இருக்கிறது. அப்புறம் "ஆஃபர்" ஆரம்பிக்கிறது. இரண்டு லென்ஸ் பெட்டி, இரண்டாவது லென்ஸ் முதலாவதைவிட இருட்டு. காற்றடித்தால் படுத்துவிடும் முக்காலி. மெதுவான மெமரி கார்டு. ஒரு கறுப்புப் பை, அது இலவசம். நம் ஊர் ஈரக்காற்றில், புயல் மாதங்களில், மூடிய பையில் லென்ஸைப் போட்டு வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும் என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை.

சரி, வெளிச்சம் வாங்குகிற லென்ஸ் ஒன்று கொடுங்கள் என்றால் மட்டும் "அது தனி" என்கிறார்கள். ஏழு கறிக்கு இலையைப் போட்டுவிட்டு, சோற்றுக்குத் தனிக்காசு கேட்கிற கதை. கேனான் ஆர்எஃப் 50 மிமீ எஃப் 1.8, 2020இல் வந்தது, அமெரிக்காவில் அறிமுக விலை 200 டாலர், 160 கிராம். ஏபிஎஸ்-சியில் கோணம் சற்று ஒடுங்கும், கூட்டத்துக்குச் சரிப்படாது. முகத்துக்கும் ஆட்டத்துக்கும் அற்புதம். கிட் லென்ஸின் ஜூம் முனையில் 1/15 நொடி கேட்ட அதே மண்டபத்தில், இதில் 1/180 வரை போகலாம். புகையாக வந்த மச்சான் மச்சானாகவே வருவார். ஜூமும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்றால் சிக்மா 18-50 எஃப் 2.8 இருக்கிறது. ஆனால் கேனானின் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமராக்களுக்கு சிக்மா, டாம்ரான் போன்ற வெளி நிறுவனங்களின் லென்ஸ்கள் அதிகாரப்பூர்வமாக வரத் தொடங்கியதே 2024இல்தான். அதுவரை வாங்கியவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லாரும் என்னிடம்தான் புலம்பினார்கள். சோனியின் ஈ மவுண்ட்டுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்) சிக்மாவின் 30 மிமீ எஃப் 1.4 2016இலேயே வந்துவிட்டது.

சார்ஜர் விஷயத்துக்கு ஒரு வரிதான். சில மாடல்களில் யூஎஸ்பி-சி துளை இருக்கும், அதில் சார்ஜ் ஏறாது, வேறு சிலவற்றில் சார்ஜ் ஏறும், பெட்டியில் சார்ஜர் இருக்காது. வாங்கும் முன் கேளுங்கள்.

அதனால் இந்த வருடம் குழுவில் நான் போட்ட பதில் இதுதான். கையில் இருக்கும் பணத்தில் பாதியை லென்ஸுக்கு ஒதுக்கு. மீதியில் புதுசு கிடைக்காவிட்டால், தொடுதிரையும் வியூஃபைண்டரும் உள்ள பழைய மாடலைத் தேடு, அந்த ஈ-எம்10 வரிசைகூட இன்னும் பழுதில்லை. ஒலிம்பஸின் 45 மிமீ எஃப் 1.8 அதற்கு ஏற்ற லென்ஸ், 116 கிராம்தான். பேட்டரி போட்டுக் காட்டாத கடையில் காசு கொடுக்காதே. 15 சதவீத வாட் வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு, உத்தரவாதம் இந்தத் தீவில் செல்லுமா, இரண்டையும் ரசீதில் எழுதி வாங்கு.

இதைப் படித்துவிட்டு அண்ணன் மகன் உடனே பதில் போட்டிருக்கிறான். "ஓகே சித்தப்பா. ஆனா அந்த இரண்டு லென்ஸ் ஆஃபர் வெள்ளிக்கிழமையோட முடியுதாம், என்ன பண்ணலாம்?"