எத்தனை முறை பேசினார் என்பதைவிட எதில் பேசினார் என்று பாருங்கள்

மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர், ராமநாதபுரம் மீனவர்களும் படகுகளும் இலங்கையிடம் பிடிபடும் பிரச்சினையை அவையில் எத்தனை முறை எழுப்பினார் என்று உங்கள் கட்டுரை எண்ணிச் சொல்கிறது. அந்த எண்ணிக்கை மட்டும் போதாது. காலை 11 மணிக்கு, உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 3 நிமிடம். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் இல்லை.

அவையில் வாய்மொழியாகப் பதில் கேட்கும் நட்சத்திரக் கேள்விக்குத்தான் வலு அதிகம். குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பட்டியலில் வந்து, நேரம் முடிவதற்குள் அதன் முறையும் வந்துவிட்டால் 12 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரத்தில் அமைச்சர் வாயாலேயே பதில் வரும், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் கேள்வி மொட்டையாக இருந்தால், இலங்கையிடம் வலியுறுத்தி வருகிறோம் என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று தனித்தனியாக, பிடிபட்ட விசைப்படகு எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று கேட்க வேண்டும். மீனவர்களை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்ற 2017-இல் வந்த திட்டத்தையே எடுங்கள்: 80 லட்ச ரூபாய் படகுக்கு மத்திய அரசு 50, மாநிலம் 20 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக்கடன், 10 சதவீதம் மீனவர் கைக்காசு என்று அறிவித்தார்கள். கடன் மறுக்கப்பட்ட விண்ணப்பம் எத்தனை என்று கேட்டால் நழுவ முடியாது.

அமைச்சர் 'பரிசீலனையில் உள்ளது' என்றால் அது, அமைச்சர்கள் அவையில் தந்த வாக்குறுதிகளைக் கண்காணிக்கும் உறுதிமொழிக் குழுவின் கணக்கில் ஏறும், நிறைவேற்ற 3 மாதக் கெடு. அப்படி நிலுவையில் கிடப்பவற்றை அந்த உறுப்பினர் விடாமல் துரத்தினாரா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.